கொக்கின் கால், மயிலின் அடி

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம் பேய்மழை. எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒட்டி வளரும் பெரணிகள் நன்றாகக் குளித்துவிட்டன. ஆங்கிலத்தில் அதற்குப் 'பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன்' என்று பெயர். தாவரவியல் பெயரான அஸ்ப்ளீனியம் நைடஸிலும் அதே கூடுதான். லத்தீனில் நைடஸ் என்றால் கூடு. உதிரும் சருகுகள் அதன் நடுக்குழியில் விழுந்து மக்கி, அதற்கே எருவாகின்றன.

அதே மரத்தில் புறா ஆர்கிட்டும் இருக்கிறது. மழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால் ஒன்பது நாள் கழித்துப் பூக்கும் என்பார்கள். 15ஆம் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

சிங்கப்பூர் தேக்காவில் மாலை வாங்கினேன். நடுவில் கோழிக்கொண்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆங்கிலேயர்களும் அதைச் சேவல் கொண்டை என்றுதான் சொல்கிறார்கள்: காக்ஸ்கோம்.

மார்ச் 10, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெண் நாய்களைப் பற்றி ஏதோ படித்துவிட்டு வந்து, "ஆன்ட்டி, பெடிக்ரின்னா வம்சம்தானே? அந்தச் சொல் எங்கேருந்து வந்தது?" என்று கேட்டாள். எனக்குப் பிடித்த கேள்வி!

பழைய பிரெஞ்சில் 'பியே த க்ரூ' என்றால் கொக்கின் கால். அங்கே கொக்கு என்பது கிரேன் எனும் பெரிய பறவை. வம்சாவளிப் படத்தில் ஒருவரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரியும் கோடுகள் அதன் காலடித் தடம்போல இருந்ததால் அந்தப் பெயர். பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கழுத்தை நீட்டி நிற்கும் கிரேன்களுக்கும் இதே பறவைதான் பெயர் கொடுத்தது.

அப்புறம் ஜெரேனியம். கிரேக்கத்தில் கெரானோஸ் என்றால் இதே கொக்கு. பூவைப் பார்த்தால் காரணம் புரியாது, காயைப் பார்க்க வேண்டும். இதழ் உதிர்ந்தபின் காய் நீண்டு கூர்மையான அலகாகிறது. இதே குடும்பத்தில் பெலார்கோனியத்தின் பெயர் செங்கால் நாரையிலிருந்தும், எரோடியத்தின் பெயர் சாம்பல் நாரை இனத்திலிருந்தும் வந்தவை. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இவற்றையெல்லாம் ஜெரேனியம் என்றே வைத்திருந்தார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பிரித்தார். ஆனாலும் கடையில் ஜெரேனியம் என்று விற்கும் தொட்டிச்செடி பெரும்பாலும் பெலார்கோனியம்தான்.

மார்ச் 11, புதன்

நேற்று அவளிடம் சொல்ல விட்டுப்போனது: நம்மிடமும் ஒரு பறவையின் கால் இருக்கிறது. குறுந்தொகை 138இல் கொல்லன் அழிசி நொச்சியை 'மயிலடி இலைய' என்கிறார். ஒரே காம்பிலிருந்து விரல்விரலாகப் பிரியும் அந்த இலையை ஒருமுறை பார்த்தால் போதும், மயிலின் கால் தெரிந்துவிடும். ஊரே தூங்கும் இரவில் அந்த நொச்சிப்பூ உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி விழித்திருக்கிறாள். இலையை இவ்வளவு உற்றுப் பார்த்தவருக்குத்தான் பூ விழும் சத்தமும் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இன்று பாட்டை அவளுக்கு எழுதிக்கொடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பூத்துவிட்டது! மரம் முழுக்க வெள்ளை, கீழே நடைபாதைவரை வாசம். பாதி விரிந்த மொட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் புறா தெரிகிறது. ஒரே நாள் பூ என்பதால் அவளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆங்கிலப் பக்கத்தில் 'ஆஸ்பிஷியஸ்' நேரம், அதாவது சுபநேரம், என்று அச்சிட்டிருக்கிறார்கள். லத்தீனில் அவிஸ் என்றால் பறவை, ஸ்பெசெரே என்றால் பார்ப்பது. ரோமானியர்கள் பறவை பறப்பதைப் பார்த்துக் காரியம் தொடங்கினார்கள். நம் பழந்தமிழிலும் புள் என்றால் பறவை, புள் என்றால் நிமித்தம். இதையும் அவளுக்குச் சொல்ல வேண்டும்.