ஸ்கேனரை ஒருமுறை எழுதினால் போதும்

நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரை எழுத உட்கார்ந்தால் எல்லோரும் வாக்கிய அமைப்பைப் பார்க்கும் பார்சருக்குத்தான் ஓடுகிறார்கள், எனக்கு என்னவோ அதற்கு முன்னால் எழுத்துகளைப் படித்து டோக்கன்களாக, அதாவது சொல், எண், குறி என்று, பிரித்துக் கொடுக்கும் ஸ்கேனர்தான் பிடித்த இடம். மூன்றாவது முறையாக அதை அடியிலிருந்து எழுத நேர்ந்தபோது, மொழிக்கு மொழி மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்துப் பார்த்தேன். எழுத்தை ஒவ்வொன்றாக எடுப்பது, அடுத்ததை எடுக்காமல் எட்டிப் பார்ப்பது, எந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று கணக்கு வைப்பது, இதெல்லாம் எந்த மொழிக்கும் ஒன்றுதான். கீவேர்டுகள் (if, while போன்றவை), ஆபரேட்டர்கள் (+, - போன்றவை), கமெண்ட் தொடங்கும் விதம் இவற்றை வெளியே ஒரு அட்டவணைக்குத் தள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிக்கல் எண்களில்தான். பாஸ்கல் மொழியில் 1 முதல் 10 வரை என்பதற்கு 1..10 என்று வரும்போது, 1-க்கு அடுத்த புள்ளியைப் பார்த்ததுமே தசம எண் என்று விழுங்கிவிடக் கூடாது, இன்னும் ஒரு எழுத்து தள்ளிப் பார்க்க வேண்டும். அதனால் இரண்டு எழுத்தாவது எட்டிப் பார்க்க வசதி வையுங்கள்.

அப்புறம், முடிந்தவரை நீளமான டோக்கனை எடு என்ற விதியும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. சி பிளஸ் பிளஸ்ஸில் 2011 தரம் வரும்வரை, டெம்ப்ளேட்டுக்குள் (டேட்டா வகையைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் அச்சு) டெம்ப்ளேட்டை மூடும் இரண்டு > குறிகளுக்கு நடுவே இடைவெளி விட்டே ஆக வேண்டியிருந்தது, இல்லையென்றால் அது பிட்டுகளை நகர்த்தும் >> என்ற ஷிஃப்ட் ஆபரேட்டர் ஆகிவிடும்.

தெரியாத எழுத்து வந்தால் ஸ்கேனர் நின்றுவிடக் கூடாது. பிழை டோக்கன் ஒன்றைக் கொடுத்துவிட்டு நகரட்டும்.