பக்கம் தானாகப் புரளும் நாவல்கள்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 2, ஞாயிறு

மனசு சோர்ந்து கிடக்கும்போது முதலில் போவது ரசனை இல்லை, கவனம். கண் வரிமேல் ஓடும். பக்கத்தின் அடிக்கு வந்தால் மேலே என்ன இருந்தது என்று தெரியாது. உடனே "எனக்குப் படிக்கிற பழக்கமே போயிடுச்சு" என்று ஒரு தீர்ப்பு. பழக்கம் எங்கும் போகவில்லை. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கல்யாண விருந்தைப் பரிமாறிவிட்டு, சாப்பிடவில்லையே என்று கவலைப்படுகிறோம். இப்போது தேவை கஞ்சி. கஞ்சியிலும் நல்ல கஞ்சி உண்டு.

அலமாரி முன்னால் நின்றபடியே நல்ல கஞ்சியைக் கண்டுபிடிக்க ஒரு வழி. பின்னட்டை வாசகத்தை நம்ப வேண்டாம், எல்லாப் புத்தகமும் அங்கே காவியம்தான். நடுவில் எங்காவது பிரியுங்கள். பக்கத்தில் பாதிக்கு மேல் பேச்சாக, மேற்கோள் குறிகளாக இருந்தால் நல்லது. மூன்று விரல்கடை உயரத்துக்குமேல் பத்திகள் அடைத்துக்கொண்டு நின்றால் வைத்துவிடுங்கள். அடுத்து அத்தியாய நீளம். எட்டுப் பக்கத்துக்குள் முடிய வேண்டும். பிறகு முதல் ஐந்து பக்கத்தில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். நாலுக்கு மேல் போனால், சோர்ந்த தலை அவர்களைக் கலந்துகட்டி விடும். கடைசியாக முதல் இரண்டு பக்கத்தை நின்றபடி படியுங்கள். மூன்றாவது பக்கத்துக்கு விரல் தானாகப் போனால் அதுதான் புத்தகம்.

நவம்பர் 4, செவ்வாய்

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் இந்த வேலைக்கே அளவெடுத்துத் தைத்தவை. வாசகர் ஏழு நாள் கழித்து வருவார், போன வாரம் என்ன நடந்தது என்பது பாதி மறந்திருக்கும் என்று தெரிந்தே எழுதப்பட்டவை. அதனால் ஆள் மறுபடி வரும்போது அவர் யார் என்பதைப் பேச்சோடு பேச்சாக ஆசிரியர் நினைவூட்டுவார். சில பக்கத்துக்குள் ஒரு சம்பவம் முடியும், இன்னொன்று தொங்கும். விமர்சகர்கள் குறையாகச் சொல்லும் இந்த 'கூறியது கூறல்'தான் மறதி பிடித்த மனதுக்குக் கைப்பிடிச் சுவர். ஒரே மூச்சில் புத்தகமாகவே எழுதப்பட்ட நல்ல நாவலில் இது இருக்காது. நாற்பதாம் பக்கத்தில் சொன்னதை இருநூறாம் பக்கத்திலும் நினைவில் வைத்திருப்பீர்கள் என்று அது எதிர்பார்க்கும்.

ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும். இன்னொன்று படிக்கத் தோன்றினால் படியுங்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இத்தனை பக்கம் என்று இலக்கு வைத்தால் மூன்றாம் நாள் அதுவே இன்னொரு கடன்.

நவம்பர் 8, சனி

'பொன்னியின் செல்வன்' பற்றிக் கேட்காதவர் இல்லை. எடுக்கலாமா? எடுக்கலாம், சில ஏற்பாடுகளோடு. 1950 முதல் 1954 வரை கல்கி தன் 'கல்கி' வாரப் பத்திரிகையில் எழுதிய தொடர். ஐந்து பாகம், 293 அத்தியாயம். அத்தியாயங்கள் சின்னவை. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் ஒருவன் வருகிறான் என்று திறந்ததும் கதை நடக்கத் தொடங்கிவிடும்.

ஆட்கள் விட்டுவிடுவது வழக்கமாக முதல் பாகத்தின் நடுவில், பெயர்க் குழப்பத்தில். அருள்மொழிவர்மனும் பொன்னியின் செல்வனும் ஒருவர்தான். பழுவேட்டரையர் இரண்டு பேர், பெரியவர், சின்னவர். ஒரு துண்டுச் சீட்டில் வந்தியத்தேவன், ஆதித்த கரிகாலன், அருள்மொழி, குந்தவை, நந்தினி, இரண்டு பழுவேட்டரையர், ஆழ்வார்க்கடியான் என்று எட்டுப் பெயரும், எதிரே யாருக்கு யார் என்ன உறவு என்பதும் எழுதி அதையே அடையாளத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வந்தால் வரட்டும். படம் பார்த்தவர்களுக்கு ஒரு வசதி, முகங்கள் ஏற்கெனவே மனசில் இருக்கும். சோழர் வரலாறு, கல்வெட்டு என்று ஆசிரியர் ஒதுங்கிப் பேசும் பக்கங்களைத் தாண்டிப் போகலாம். கதை அறுபடாது. கல்கி கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்து பாகமும் ஒன்றாகக் கட்டிய தடிப் பதிப்பை மட்டும் வாங்காதீர்கள். படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது. தவிர, அது மேஜையில் இருந்துகொண்டு இன்னும் எவ்வளவு பாக்கி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தனித்தனிப் பாகமாக, ஒன்று முடிந்தபின் அடுத்தது.

ஐந்து பாகம் மலைப்பாக இருந்தால் கல்கியின் 'பார்த்திபன் கனவு'. மூன்றே பாகம், அத்தியாயங்கள் இன்னும் சின்னவை, ஒரு சிவனடியார் யார் என்ற மர்மம் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும். முடிவும் நல்லபடி. 'சிவகாமியின் சபதம்' இப்போது வேண்டாம். அதன் முடிவு நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

நவம்பர் 9, ஞாயிறு

திருவல்லிக்கேணி பாரதி சாலை. பழைய ஆட்களுக்கு இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடுதான். நடைபாதைப் பழைய புத்தகங்களுக்கு நடுவே சில சமயம் கையால் பைண்ட் செய்த தொடர்கதைகள் கிடைக்கும். யாரோ வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, நூல் போட்டுத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டியது. ஓவியங்கள் அப்படியே இருக்கும். பக்கத்தின் மறுபுறம் பாதி நகைச்சுவைத் துணுக்கு, பாதி தலைவலி மருந்து விளம்பரம். சோர்ந்த மனசுக்கு இந்த உதிரிகளே ஒரு வேடிக்கை.

வாங்குமுன் கடைசிப் பக்கம் பாருங்கள். 'முற்றும்' இருக்க வேண்டும். 'தொடரும்' என்று நின்றால், என்ன விலை சொன்னாலும் வேண்டாம். இந்த நேரத்தில் முடிவு தெரியாத கதை தேவையில்லாத கல். பிறகு அத்தியாய எண்களைக் கட்டைவிரலால் புரட்டி வரிசை பாருங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போவது சகஜம். ஒன்றென்றால் பரவாயில்லை, அடுத்த வாரமே முன்கதை வந்துவிடும். பைண்டர் ஓரம் வெட்டும்போது வரியின் கடைசி எழுத்தைச் சேர்த்து வெட்டியிருப்பார். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை என்றால் சகிக்கலாம். எல்லாப் பக்கத்திலும் என்றால் கண் ஊகித்து ஊகித்துக் களைத்துவிடும்.

நவம்பர் ஈரத்தில் தாள் நமுத்திருக்கும். சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை, தொடாதீர்கள். மற்றதை மொட்டைமாடியில் உதறி, உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் விரித்து வைத்தால் போதும். கடும் வெயிலில் வைத்தால் பழைய தாள் அப்பளம்.

நவம்பர் 12, புதன்

ஒரு நாவல்கூட முடியாது என்கிறவர்களுக்கு தேவனின் 'துப்பறியும் சாம்பு'. ஒவ்வொன்றும் தனிக்கதை. அசட்டு பேங்க் குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் தற்செயலாகத் திருடனைப் பிடித்துவிடுகிறான். நேற்று படித்தது மறந்துபோனாலும் நஷ்டமில்லை. அதுவும் கனமாக இருந்தால் படக்கதை. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், இரண்டும் சிவகாசியிலிருந்து. சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்று கூச்சப்படுகிறவர்கள் வீட்டுக்குள் படித்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

மாத நாவல்கள். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் சாணித்தாள் புத்தகங்கள். நூறு பக்கத்துக்கு முன்னே பின்னே, ஒரே ராத்திரியில் முடியும். 'ஒன்றை முடித்தோம்' என்ற நினைப்பு சோர்வு நாளில் அபூர்வம். அது கிடைக்கும் மலிவான இடம் இதுதான்.

எல்லாம் ஒன்றல்ல. ராஜேஷ்குமார் பல நாவல்களில் இரண்டு கதைகளை மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க் கடைசியில் முடிச்சுப் போடுவார். தொடர்ந்து படித்தால் பிரமாதமாக இழுக்கும். ஆனால் நடுவில் இரண்டு நாள் விட்டால் எந்தக் கதையில் யார் என்று திணறிப்போவீர்கள். அதனால் அவரை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா என்ற துப்பறியும் ஜோடியை எங்கே நிறுத்தினாலும் மறுபடி ஏறிக்கொள்ளலாம், பாதி சுவை அவர்கள் சீண்டலிலும் சுசீலாவின் டீ-ஷர்ட் வாசகத்திலும் இருக்கிறது. சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி கொஞ்சம் அடிதடி. சுஜாதாவின் கணேஷ்–வசந்த், வாக்கியத்துக்கு வாக்கியம் இவர்கள் எல்லோரையும்விட வேகம். ஆனால் பிணம் விழும் இடங்களில் அவர் தயவு பார்க்க மாட்டார்.

ஒரே ஜோடியைத் தொடர்ந்து படிப்பதில் ஒரு லாபம்: இரண்டாவது புத்தகத்தில் யாரையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். காதல் கதைகள் எழுதும் ரமணிசந்திரனை ஏளனம் செய்பவர்கள் இதே மாதிரி ஒரு லாபத்தை மறந்துவிடுகிறார்கள். எப்படி முடியும் என்று அட்டையைப் பார்த்ததுமே தெரியும், அதற்காகத்தான் கையில் எடுக்கிறார்கள்.

நவம்பர் 19, புதன்

போனில் படிப்பவர்களுக்கு. கல்கி 1954-இல் மறைந்தார், பதிப்புரிமைக் காலமான 60 ஆண்டு முடிந்துவிட்டது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் அவர் நாவல்கள் இலவசமாகக் கிடைக்கும். பிடிஎஃப் எடுக்காதீர்கள், போன் திரையில் வரியை இடமும் வலமும் இழுத்தே பொறுமை போய்விடும். இணையப் பக்க வடிவில் திறந்து எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஒரு வரியில் நாலைந்து சொல் வந்தால் போதும். ஏரோப்பிளேன் மோடு கட்டாயம். ஒரு வாட்ஸ்அப் சத்தம் மூன்று பக்கத்தைத் தின்றுவிடும்.

நவம்பர் 23, ஞாயிறு

எளிய நடை வேறு, இலகுவான கதை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்னப் புத்தகம். சின்னச் சின்ன வாக்கியம், நம் சென்னைத் தெருதான், குழாயடிதான். மேலே சொன்ன சோதனை எல்லாவற்றிலும் தேறும். ஆனால் அதற்குள் இருக்கும் களைப்பு, களைத்தவருக்குக் கொடுக்கக்கூடியதல்ல. மனசு தெளிந்தபின் கட்டாயம் படியுங்கள்.

அதனால் சோதனையில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்: கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுங்கள். பழைய குடும்ப நாவல்களில் கதாநாயகி கிணற்றைத் தேடிப் போவதும் தூக்க மாத்திரையை எண்ணுவதும் சாதாரணம், அட்டையில் ரோஜாப்பூ இருந்தாலும். முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பார்கள். தெரிந்த முடிவுதான் இப்போது நிம்மதி. முன்பு பிடித்த நாவலைத் திரும்பப் படிப்பது இத்தனை பேருக்குக் கைகொடுப்பதும் அதனால்தான்.

கடையிலோ நூலகத்திலோ மனசு சரியில்லை என்று விளக்க வேண்டியதில்லை. "அண்ணே, சோகம் வேணாம், சாவு வேணாம், அத்தியாயம் சின்னதா இருக்கணும், கதை உடனே ஆரம்பிக்கணும்" என்றால் போதும். நல்ல ஆளாக இருந்தால் மறுகேள்வி இல்லாமல் மூன்று எடுத்துப் போடுவார். "நல்ல புத்தகம் ஏதாவது குடுங்க" என்று கேட்டால் விருது வாங்கியதைத் தருவார். தப்பு அவர்மேல் இல்லை.

நவம்பர் 26, புதன்

சாம்பு கதையிலும் ஒரு பக்கம் தாண்டவில்லை, இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது புத்தகத் தேர்வின் பிரச்சினை அல்ல. டாக்டரைப் பார்க்க வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. சாகத் தோன்றினால் அத்தியாயம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள், பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

மருந்து தொடங்கிய புதிதில் சிலருக்கு எழுத்து மங்கும், கண் சொக்கும். படிக்க முடியாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நவம்பர் 29, சனி

ஒன்று முடிந்து அடுத்தது கையில் இல்லாத ராத்திரிதான் மோசம். விட்ட இடத்துக்கே மனசு திரும்பிப் போகும். ஆகவே ஐம்பது பக்கம் மீதியிருக்கும்போதே அடுத்ததைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். ஒன்றல்ல, இரண்டு, ஒன்று பிடிக்காமல் போனால் இன்னொன்று. இருபது பக்கத்தில் பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுங்கள், கணக்குக் கேட்க ஆளில்லை. ஜனவரியில் புத்தகக் காட்சி வரும், பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. ஆனால் அந்தக் கூட்டமும் தூசியும் நூற்றுக்கணக்கான அரங்குகளும் சோர்ந்தவருக்கு ஒத்துவராது. போவதென்றால் வேலை நாளில், திறந்ததும், பட்டியலோடு. அதுவரை தெருமுனைக் கிளை நூலகம் போதும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வியாழன் சாயங்காலமே போய்விடுங்கள்.