அழைப்பை எடுக்கும் கணினி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நமது பாடசாலைக் கணினி அறையின் மூலையில் இருந்த லினக்ஸ் கணினி, மாலை வேளைகளில் தொலைபேசி அழைப்புகளைத் தானே எடுத்து, அழைத்த மாணவரின் வீட்டுக் கணினியைப் பாடசாலை வலையமைப்புடன் இணைத்துவந்தது. பொறுப்பாசிரியரின் அனுமதியுடன் அதை அமைத்த கணினிக் கழகத்தினருள் நானும் ஒருவன். கணினித் தரவைத் தொலைபேசிக் கம்பியில் செல்லும் ஒலியாகவும், அவ்வொலியை மீண்டும் தரவாகவும் மாற்றும் கருவியான மோடத்தைக் கண்ணாலும் கண்டிராத இளையவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால், அது இயங்கிய விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியே வைக்கும் மோடத்தையே தேர்ந்தெடுத்தோம். அக்காலத்து உள் மோடங்கள் பலவும் தம் வேலையின் பெரும்பகுதியை விண்டோஸ் மென்பொருளிடம் விட்டுவிடுபவை. லினக்ஸில் அவற்றால் பயனில்லை.

அழைப்பை எடுப்பது மோடமா, கணினியா என்பதே முதலில் தீர்க்கவேண்டிய கேள்வியாக இருந்தது. எத்தனையாவது மணிக்கு எடுப்பது என்பதைக் குறித்துவைக்கும் மோடத்தின் எஸ்0 பதிவகத்தில் 1 என்று எழுதிவிட்டால், முதல் மணிக்கே அது தானாக எடுத்துவிடும். ஆனால் கணினி செயலிழந்து நின்றாலும் மோடம் எடுக்கத்தான் செய்யும். அழைத்தவர் இரைச்சலைக் கேட்டபடி, அழைப்புக் கட்டணம் ஏற, வெறுமையான திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டி என்னும் நிரல் இதற்கு மாறானது. எஸ்0 பூச்சியமாகவே இருக்கும்; அதாவது, மோடம் தானாக எடுக்காது. மோடம் ‘ரிங்’ என்று அறிவிக்கும்வரை நிரல் காத்திருந்து, குறித்த எண்ணிக்கையில் மணி அடித்தபின் ‘ஏடிஏ’ என்ற கட்டளையை அனுப்பி எடுக்கச் சொல்லும். பாடசாலை அலுவலகத்துக்கும் அதே தொலைபேசி இணைப்புத்தான் என்பதால் இந்த ஏற்பாடு எங்களுக்கு இன்னொரு வகையிலும் உதவியது. ‘நோலாகின்’ என்று தொடங்கி, மோடம் பூட்டிய துறையின் (கணினியில் அதன் கம்பி செருகப்படும் இடத்தின்) பெயரில் முடியும் கோப்பு ஒன்று இருந்தால், எம்கெட்டி மணியைக் கேட்டாலும் எடுக்காது. காலையில் அக்கோப்பை உருவாக்கி மாலையில் அழிக்கும் பொறுப்பை, குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தானே செய்யும் கிரான் என்ற நிரலிடம் ஒப்படைத்தோம். பகலில் அதிபருக்கு வந்த அழைப்பை மோடம் பறித்துக்கொண்டதென்ற முறைப்பாட்டுக்கு இடமே இருக்கவில்லை.

எடுப்பதைவிட வைப்பதே நுட்பமான வேலை என்பது என் எண்ணம். ஒருவர் வெளியேறாமலேயே இணைப்பு அறுந்துபோனால், அதைக் கணினி அறியாதவரை அவருடைய அமர்வு உயிரோடிருக்கும்; அடுத்து அழைப்பவர் கடவுச்சொல் எதுவுமின்றி அவருடைய கணக்குக்குள்ளேயே வந்து நிற்பார். வீட்டுக்காரர் போனபின் கதவைத் திறந்தே விடுவதற்கு இது சமம். ஆகவே, இணைப்பு உயிரோடிருக்கும்வரை மறுமுனை மோடத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் காவியலை நின்றதும் மோடம் அதைத் தொடர் துறையின் கம்பி வழியே தெரிவிக்கவும், கணினி தன் பக்கத்துக் கம்பியைத் தாழ்த்தினால் மோடம் உடனே தொடர்பைத் துண்டிக்கவும் அமைத்து, அந்த அமைப்பை மோடத்தின் நினைவகத்திலேயே பதிந்துவைத்தோம். அமர்வு முடிந்ததும், லினக்ஸில் மற்ற நிரல்களைத் தொடக்கிவைக்கும் இனிட் என்ற நிரல் புதிய எம்கெட்டியை எழுப்பும். அது மோடத்தை மீண்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து அடுத்த மணிக்குக் காத்திருக்கும்.

அழைத்தவரின் கணினி, தொலைபேசி வழியே வலையமைப்புடன் இணைவதற்கான பிபிபி என்ற நெறிமுறையில் தரவுப் பொதிகளை அனுப்பினால், எம்கெட்டி அதை உணர்ந்து இணைப்பை, அந்நெறிமுறையைக் கையாளும் பிபிபிடி என்ற நிரலிடம் கையளிக்கும். இல்லையேல் வழக்கமான பயனர்பெயர் கேள்வி தோன்றும். விநாடிக்கு 56,000 பிட் வேகம் என்று விற்கப்பட்ட 56 கே மோடம் வாங்கிய நண்பர்கள் வேகம் போதவில்லை என்று எங்களிடம் குறைபட்டதுண்டு. அம்மோடங்கள் பின்பற்றிய வி.90 என்ற தரமுறையில் அந்த வேகம் கிடைக்க, அழைப்பை ஏற்கும் முனை தொலைபேசி வலையமைப்புடன் எண்முறையில் இணைந்திருக்க வேண்டும். இரு முனையிலும் சாதாரணத் தொலைபேசிக் கம்பியே இருந்த எங்களுக்கு விநாடிக்கு 33,600 பிட் என்பதே உச்சவரம்பு. கடிதங்களுக்கும் நிரல் கோப்புகளுக்கும் அது தாராளமாகப் போதும். படங்களை இறக்க முயன்றவர்கள்தாம் மற்றவர்களின் வசைக்கு ஆளானார்கள். ஒருவர் இணைந்திருக்கும்வரை ஏனையோருக்கு எங்கேஜ் ஒலிதானே கேட்கும்!