தெருக் குழந்தைகளிடம் கருத்துக் கேட்க: அனுமதி முதல் அறிக்கை வரை பட்ட பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தைகளைப் பேசவைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. உட்கார்ந்து காது கொடுத்தால் போதும், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். நாங்கள் பட்டதெல்லாம் பெரியவர்களிடம்தான்.

தெருவில் தங்கி, அங்கேயே பிழைக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் பேசி, அவர்களைப் பற்றித் தயாராகிக்கொண்டிருந்த ஒரு கொள்கை வரைவுக்கு அவர்கள் சொல்வதைக் கொண்டுசேர்ப்பது எங்கள் வேலை. விண்ணப்பம், மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து இணைக்கப்படவில்லை’ என்று ஒரு வரிக் குறிப்பு.

நேரில் போய் விளக்கினேன். கிளார்க் பொறுமையாகத்தான் கேட்டார்.

“அப்பா இல்லேன்னா அம்மா போடட்டும்மா.”

“வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைங்க சார். தெருவுலதான் இருக்காங்க.”

“சரி, அப்போ அட்ரஸ் ப்ரூஃபாவது கொடுங்க.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதற்கு நடுவில் ஒரு விடுதிப் பொறுப்பாளர், “எல்லாருக்கும் பாதுகாவலரா நானே போட்டுத் தர்றேன், வேலை முடிஞ்சுது” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த வழியில் போகாதீர்கள். சோறு போடுகிற ஆள் கையெழுத்துப் போட்ட பிறகு எந்தப் பிள்ளை உங்களிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லும்? விடுதிப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளைகள் அதிலேயே கழன்றுபோவார்கள். அவர்களைத் தேடித்தானே கிளம்பினோம்!

கடைசியில் காப்பாற்றியது, மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்கான சியோம்ஸ் (CIOMS) என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டி. 2016 பதிப்பில் 17-வது நெறி குழந்தைகள் பற்றியது. பெற்றோர் அனுமதி வாங்க முடியாத, வாங்குவதே பிள்ளைக்குக் கேடாகக்கூடிய சூழலில் குழு அதைத் தளர்த்தலாம் என்று அதன் விளக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, வரிக்குக் கோடு போட்டு இணைத்தேன். அடி தாங்காமல் ஓடிவந்த பையனின் அப்பாவைத் தேடிப்போய்க் கையெழுத்துக் கேட்டால், அவன் எங்கே இருக்கிறான் என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்றும் எழுதினேன்.

ஆனால் விலக்கு மட்டும் கேட்டால் கிடைக்காது. பெற்றோருக்குப் பதில் அந்தப் பிள்ளையின் பக்கம் யார் நிற்பார்கள் என்பதுதான் குழுவின் உண்மையான கவலை. அதில் நியாயமும் இருக்கிறது. ஆய்வுக்குழுவில் இல்லாத, விடுதிகளோடு தொடர்பில்லாத, பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு தெருப் பணியாளர் பேட்டியின்போது கூடவே இருப்பார், எந்த நிமிஷத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. குடும்பத்தோடு தெருவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் பெற்றோரிடமே கேட்டோம். அதில் ஒரு சிக்கலும் இல்லை.

அடுத்து குழந்தைகளின் ஒப்புதல். படிவத்தை நீட்டியதும் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பெயர் எழுதி, ரேகை வைத்து வாங்கிய பேப்பர் எதுவும் அவர்களுக்கு இதுவரை நல்லது செய்ததில்லை. “அக்கா, இது ஸ்டேஷனுக்குப் போகுமா?” என்று ஒருவன் கேட்டான். வாய்மொழி ஒப்புதலைச் சாட்சி வைத்துப் பதிவுசெய்ய முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததால் தப்பித்தோம். விண்ணப்பத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். பிறகு திருத்தம் போடுவது தனிப் பாடு. யாருக்காவது உயிராபத்து என்று தெரிந்தால் ரகசியமாக வைத்திருக்க முடியாது என்பதையும் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ரெக்கார்டர் விஷயத்தில் அதே பையன்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தான். பேசி முடித்ததும் கருவியைக் கையில் வாங்கி, காதோடு ஒட்டிவைத்து முழுசாகக் கேட்டான். ஓரிடத்தில் நிறுத்தி, “இங்க அண்ணன் பேரு வருது, இதை அழி” என்றான். அழித்தோம். மறுபடி ஓடவிட்டு, அழிந்ததா என்று சரிபார்த்த பிறகே திருப்பிக் கொடுத்தான். அதற்கப்புறம் எல்லாருக்கும் போட்டுக் காட்டினோம். தரவுப் பாதுகாப்பு பற்றி நாங்கள் எழுதிவைத்த பக்கங்களை யார் படித்தார்களோ, இது மட்டும் பிள்ளைகளிடையே பரவியது. தள்ளி நின்றவர்களும் வந்தார்கள்.

நேரம் இன்னொரு தலைவலி. பகலில் அவர்களுக்குப் பிழைப்பு. நம் ஆபீஸ் நேரத்துக்குக் கூப்பிட்டால், வேலை கிடைக்காதவர்கள் மட்டும்தான் வருவார்கள். பணம் கொடுத்தால் ஆசைகாட்டியதாகிவிடும் என்று குழு தடுத்தது. கொடுக்காவிட்டால் அவர்களுக்கு அந்த வேளைச் சாப்பாடு போச்சு. பேசினாலும் பேசாவிட்டாலும், பாதியில் எழுந்து போனாலும் அங்கே இருக்கிற எல்லாருக்கும் சாப்பாடு என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். குழுவாக உட்காரவைத்தால் மூத்த பையன் ஒருவனே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவான், சின்னதுகள் தலையாட்டும். பெண் பிள்ளைகள் வாயே திறக்கமாட்டார்கள். அவர்களோடு தனியாகத்தான் பேச வேண்டும்.

முடிந்தால் தெருவில் வளர்ந்த இளைஞர்களையே பயிற்சி கொடுத்து ஆய்வாளர்களாக்குங்கள். அக்ரா, புகாவு, ஹராரே ஆகிய மூன்று ஆப்பிரிக்க நகரங்களில் டண்டீ பல்கலைக்கழகமும் ஸ்ட்ரீட்இன்வெஸ்ட் அமைப்பும் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஓர் ஆய்வை நடத்தின. எங்களுக்கு நிதி கொடுத்தவர்களிடம் இதைச் சொன்னபோது, “அவங்க எழுதினா தரம் எப்படி இருக்கும்?” என்று கேட்டு அந்தச் செலவை வெட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

கொள்கை வகுக்கும் அலுவலகத்தில் முதல் கேள்வி, “மொத்தம் எத்தனை பேர்?” எண்ணிக்கை இல்லாமல் ஃபைலைத் திறக்கவே மனமில்லை. உலகத்தில் 10 கோடி தெருக் குழந்தைகள் என்று 1989-இல் யுனிசெஃப் சொன்ன மதிப்பீடு இன்னும் அறிக்கைக்கு அறிக்கை தாவிக்கொண்டிருக்கிறது. சரியான எண்ணிக்கையைச் சொல்லவே முடியாது என்று 2005-இல் யுனிசெஃப்பே எழுதியது யார் கண்ணிலும் படுவதில்லை. எண் கொடுக்க மறுத்துவிட்டு, ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவின் 21-வது பொதுக் கருத்துரையை, அதாவது குழந்தை உரிமை உடன்படிக்கைக்கு அந்தக் குழு தரும் விளக்கங்களில் ஒன்றை, நீட்டினேன். 2017-இல் வந்தது, முழுக்கத் தெருக் குழந்தைகள் பற்றியது. அதை எழுதும் முன் 32 நாடுகளில் 327 குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். ‘இதுங்க என்ன சொல்லப்போகுது’ என்கிற ரகத்தினருக்கு இந்த ஒரு வரி நன்றாக வேலை செய்கிறது.

ஒருவழியாகக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. வாசலில் காவலாளி எங்களை விட்டார், பிள்ளைகளை மறித்தார். அடையாள அட்டை வேண்டுமாம். அழைப்புக் கடிதத்தில் அவர்களும் விருந்தினர்கள் என்று இருந்தும், உள்ளேயிருந்து ஒருவர் இறங்கி வரும்வரை வெயிலில் நின்றார்கள். உள்ளே போனதும் தலைமை தாங்கியவர் கனிவாக, “முதல்ல ஒரு பாட்டுப் பாடுங்களேன்” என்றார். கூட வந்த பிள்ளைகளில் ஒரு பெண், “பாட்டுப் பாடவா சார் கூப்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டு, மடித்துவைத்திருந்த தாளைப் பிரித்தாள். ராத்திரி தூங்கும்போது எழுப்பி விரட்டக் கூடாது. வாரிக்கொண்டு போகும் பைகளைத் திருப்பித் தர வேண்டும். பகலில் திறந்து ராத்திரி பூட்டும் மையத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இவ்வளவுதான். விடுதி கட்டிக் கொடுப்பதைப் பற்றியே யோசித்து வைத்திருந்தவர்கள் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வரைவு வந்தபோது மூன்று கோரிக்கைகளும் பின்னிணைப்பில் கிடந்தன. அட்டையில் அந்தப் பெண்ணின் முகம் பளிச்சென்று! படம் எடுக்க யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. “படம் நல்லாத்தானே வந்திருக்கு” என்று பதில் வேறு. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்ட பிறகு அட்டையை மாற்றினார்கள். கேமரா கூடாது என்பதை அழைப்பை ஏற்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அரங்கத்தில் போய்ச் சொல்லிப் பயனில்லை.

பின்னிணைப்புச் சண்டையில் கைகொடுத்தது அதே ஐ.நா. குழுவின் இன்னொரு கருத்துரை: 2009-இல் வந்த 12-வது. குழந்தைகளின் பங்கேற்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்பது நிபந்தனைகள் சொல்கிறது. கடைசி நிபந்தனை, பிள்ளைகள் சொன்னதைப் பெரியவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள், என்ன செய்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கே பதில் சொல்லியாக வேண்டும் என்பது. அதைக் காட்டி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் கேட்டோம். மையத்தை ராத்திரியும் திறக்கும் கோரிக்கை வரைவின் உள்ளே ஏறியது. பை விஷயத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’. ராத்திரி விரட்டுவது பற்றி ஒரு வரியும் இல்லை. பதிலைப் பிள்ளைகளிடம் வாசித்தபோது, “அதானே முதல்ல கேட்டோம்?” என்றார்கள். அதற்குத்தான் மறுபடி எழுதியிருக்கிறோம்.

நெறிமுறைக் குழுவின் புதிய படிவத்தில் இப்போது ‘பெற்றோர் ஒப்புதல் இயலாதெனில் மாற்று ஏற்பாடு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாங்கள் கத்தியதன் பலன். அடுத்து விண்ணப்பிக்கிறவர்கள் அந்தப் புதிய படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் பழையதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.