மெல்பர்னுக்கு 58 கோடுகள்

மார்ச் 9, 2025, ஞாயிறு

குலசேகரத்துப் பக்கம் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டித் தீர்த்து இப்போது துளிர்விட்டு நிற்கின்றன. தளிர் செம்பு நிறம். பால்வெட்டை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தாயிற்று. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு ஓட வேண்டாம். வருடத்தில் எனக்குக் கிடைக்கும் இந்த ஓய்வும் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய சீசன் தொடங்குவதும் ஒன்றாக வருவது என் பாக்கியம்.

அடுத்த ஞாயிறு மெல்பர்ன். 2019-க்குப் பிறகு இப்போதுதான் சீசனின் முதல் பந்தயம் மறுபடியும் ஆல்பர்ட் பார்க்கில் நடக்கிறது. எனக்கு முதல் பந்தயம் என்றாலே அந்த ஏரிக்கரை ரோடுதான். 2005 மார்ச் 6, அதுவும் ஞாயிறு. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் அங்கேதான் முதன்முதலாக இறங்கினார். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் ஆள். 12-ஆவது இடத்திலிருந்து கிளம்பி 15-ஆவதாக முடித்தார். பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். முந்தின நாளே நோட்டில் சுற்று சுற்றாக ஒரு கற்பனைப் பந்தயம் எழுதி, அவரை மூன்றாவதாக நிறுத்தியிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சீசன் தொடக்கத்துக்கும் ஒரு பந்தயம் எழுதுகிறேன். இந்த வருடம் எழுதப்போவது அக்கா மகன். ஏழாம் வகுப்பு.

மார்ச் 12, புதன்

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மருமகன் புது நோட்டில் 58 கோடு போட்டான். ஆல்பர்ட் பார்க் ஒரு சுற்று 5.278 கிலோமீட்டர், மொத்தம் 58 சுற்று. சுற்றுக்கு ஒரு கோடு.

“மாமா, இந்த டயர்ல நம்ம பாலு இருக்குமா?”

நல்ல கேள்வி. உள்ளே கூட்டிப்போய், கடைசியாகப் புகை போட்டு எடுத்து வைத்த ரப்பர் ஷீட் ஒன்றைக் கையில் கொடுத்தேன். தேன் நிறம், ரோலரின் வரி வரியான தடம், முகர்ந்தால் புகை வாசம். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். பந்தய டயரில் பெரும்பங்கு பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பர்தான். ஆனால் இயற்கை ரப்பரும் அதில் சேர்கிறது. காட்டை அழிக்காமல் எடுத்த ரப்பர் என்பதற்கான எஃப்எஸ்சி சான்று 2024-லிருந்து, ஃபார்முலா ஒன்னுக்கு டயர் கொடுக்கும் பைரெல்லியின் டயரில் இருக்கிறது. நம் தோட்டத்துப் பால் என்று சொல்ல முடியாது, ஆனால் இதே மாதிரி ஒரு மரத்தின் பால் என்று சொன்னேன். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எனக்கும் அப்படித்தான். ஏதோ ஒரு நாட்டில் ஒருவன் இருட்டில் எழுந்து பட்டையைச் சீவியிருக்கிறான், அது மணிக்கு 300 கிலோமீட்டரில் உருள்கிறது. டிரைவரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. அந்தக் கார் முழுவதும் தரையைத் தொடுவது நாலு கையளவு ரப்பரில்தான், அதைப் பேச ஆள் குறைவு.

மார்ச் 15, சனி

நாளை யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று தீர்மானிக்கும் தகுதிச்சுற்று நம் நேரத்துக்குப் பத்தரை மணி. மெக்லாரன் அணியின் நாரிஸ் முதலிடம், அதே அணியின் பியாஸ்ட்ரி இரண்டாமிடம், இடைவெளி 0.084 விநாடி. மருமகன் பியாஸ்ட்ரியின் ஆள். பியாஸ்ட்ரி மெல்பர்ன்காரர், சொந்த ஊரில் ஓட்டுகிறார். ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீ 1985-இல் உலக சாம்பியன்ஷிப்பில் சேர்ந்ததிலிருந்து ஒரு ஆஸ்திரேலியர்கூட அதை ஜெயித்ததில்லை. இந்த அநியாயத்தை நோட்டில் சரிசெய்துவிடுவது என்று உட்கார்ந்தான்.

அவன் எழுதினதிலிருந்து அப்படியே (மஞ்சள் என்றால் நடுத்தர டயர், வெள்ளை என்றால் கெட்டி டயர்):

“சுற்று 1: முதல் வளைவில் பியாஸ்ட்ரி உள்பக்கம் நுழைந்து நாரிஸை முந்துகிறார். ஏரிப் பக்கம் இருக்கிற சனங்கள் எல்லாம் எழுந்து நிற்கிறார்கள்.

சுற்று 20: மஞ்சள் டயர் மாற்றி வெள்ளை டயர்.

சுற்று 44: பியாஸ்ட்ரி 6 விநாடி முன்னால். வெயில்.

சுற்று 58: கொடி. அவங்க அம்மா அழுகிறார்கள்.”

“மக்களே, நாளைக்கு மெல்பர்ன்ல மழைன்னு சொல்றானுவ. மழைக்கு ரெண்டு கோடு ஒதுக்கு.”

“மழை வேண்டாம் மாமா. எல்லாம் கெட்டுப்போவும்.”

அவனுக்கு மழை என்றால் வெட்டு முடங்கும் நாள். நிறைந்த சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் வழிந்து மண்ணில் போய்விடும் என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. நான் வற்புறுத்தவில்லை. அவன் பந்தயம், அவன் வானம்.

மார்ச் 16, ஞாயிறு

காலைத் திருப்பலி முடிந்து ஓடி வந்தோம். தவக்காலம், வீட்டில் மீன் இல்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும் கட்டன் சாயாவும். ஒன்பதரைக்கு மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

மெல்பர்ன் நனைந்து கிடந்தது. மருமகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தயம் தொடங்குமுன்னே, அணிவகுப்புச் சுற்றிலேயே ஹஜார் சறுக்கிச் சுவரில் மோதிவிட்டார். அவருடைய முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதுகொண்டே நடந்து வந்தவரை இன்னொரு டிரைவரான ஹாமில்டனின் அப்பா தோளோடு அணைத்துத் தேற்றினார். அக்கா “ஐயோ பிள்ள” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு சுற்று குறைந்து 57 ஆனது. டூஹன், சைன்ஸ் இருவரும் தொடக்கத்திலேயே போனார்கள்.

பாதிக்கு மேல் தரை காய்ந்தது. ஈரத்துக்கான, பச்சைக் கோடு போட்ட இடைநிலை டயரைக் கழற்றி எல்லோரும் வழுவழு டயருக்கு மாறினார்கள். நாரிஸ் முன்னால், பியாஸ்ட்ரி பின்னாலேயே. மருமகன் நோட்டில் விரலை வைத்துக்கொண்டு சுற்றை எண்ணினான்.

44-ஆவது சுற்று. மழை திரும்பியது.

இதைத்தான் நான் அவனுக்கு விளக்க நினைத்தேன். வழுவழு டயரில் தண்ணீர் ஓட வழி கிடையாது. பச்சை டயரின் வெட்டுகள் 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 30 லிட்டர் தண்ணீரை விலக்கும். வெட்டு இல்லாத டயர் தண்ணீர்மேல் மிதக்கும், சூடும் ஆறிப்போகும், அப்புறம் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேருக்குத்தான். பால்வெட்டிலும் அப்படித்தானே, பட்டையில் சாய்வாகப் போட்ட அந்தக் கோடு வழியாகத்தான் பால் சிரட்டைக்கு வரும். கோடு தப்பினால் பால் மரத்தோடு வழியும்.

இரண்டு மெக்லாரனும் ஒன்றாகச் சறுக்கின. நாரிஸ் சமாளித்து டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் நேரே போய் பச்சை டயர் மாட்டினார். பியாஸ்ட்ரி சுழன்று புல்லில் பின்பக்கமாகப் போய் நின்றார். சக்கரம் சுற்றுகிறது, கார் நகரவில்லை. ஈரப் புல்லில் அந்த டயருக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. மருமகன் மூச்சு விடவில்லை. கடைசியில் ரிவர்ஸ் போட்டு, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்து, ரோட்டைப் பிடித்தார்.

வெர்ஸ்டாப்பன் வழுவழு டயரிலேயே தாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றினார். நாரிஸ் ஜெயித்தார், வெர்ஸ்டாப்பனுக்கும் அவருக்கும் ஒரு விநாடிகூட இடைவெளி இல்லை. ரஸ்ஸல் மூன்றாவது. 16-ஆவதாகக் கிளம்பிய பதினெட்டு வயது அன்டோனெல்லி நாலாவது. முடித்தவர்கள் 14 பேர்.

பியாஸ்ட்ரி கடைசிச் சுற்றில் ஹாமில்டனை முந்தி ஒன்பதாவதாக வந்தார். அந்த முந்தலுக்கு மருமகன் கத்தின கத்தலில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. இந்த ஒன்பதாவது இடத்தை நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன்.

மார்ச் 17, திங்கள்

தோட்டத்தைச் சுற்றி வந்தேன். தளிர் கொஞ்சம் பச்சை பிடித்திருக்கிறது. வெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மருமகன் நோட்டில் எதையும் அழிக்கவில்லை. 44-ஆவது கோட்டில் ‘வெயில்’ அப்படியே இருக்கிறது. அதன் கீழே பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு டயர், வெட்டுகளோடு. பக்கத்தைத் திருப்பி வரும் ஞாயிறு ஷாங்காய்க்கு 56 கோடு போட்டு வைத்திருக்கிறான். மூன்று கோட்டுக்கு எதிரே எதுவும் எழுதாமல் ‘மழை?’ என்று மட்டும்.