ரெண்டு இருந்தா என்ன பண்ணும்?

டீமில் மூத்தவர் ஒருவர் கேட்டது இந்த ஒரு கேள்விதான் என்று சொல்ல முடியாது. நிறையக் கேட்டார். மற்றதெல்லாம் நான் எதிர்பார்த்தது. இதுவும் எதிர்பார்த்ததுதான், பதிலும் தயாராக இருந்தது, சொல்லவும் செய்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லி எழுதிய அந்த ப்ரொபோசலை நான் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று யாராவது கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்டது பெரிய விஷயமே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் அரேக்களுக்கு (வரிசையாக அடுக்கிய பட்டியல்களுக்கு) சிங்கிள் என்று ஒரு மெத்தட். அரேயில் சரியாக ஒரே ஒரு உறுப்பு இருந்தால் அதைத் தரும். காலியாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ எர்ரர் எறியும். சி ஷார்ப் மொழிக்காரர்களுக்கு இது 2007-இல் லிங்க் (LINQ, டேட்டாவைத் தேடி எடுக்கும் வசதி) வந்ததிலிருந்தே இருக்கிறது. கோட்லின் மொழியிலும் உண்டு. நாமோ ஃபில்டர் போட்டு வேண்டியதைப் பொறுக்கிவிட்டு, முதலாவதை எடுக்கக் கூடவே ஒரு [0] ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டு வந்திருந்தால் இரண்டாவதை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒன்றுமே வராவிட்டால் அன்டிஃபைன்ட், அதாவது 'மதிப்பே இல்லை' என்பது கிடைக்கும். அது எங்கோ பத்து ஃபைல் தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் வெடிக்கும்.

எங்களுக்கு வெடிக்கவும் இல்லை, அதுதான் பிரச்சினை. ஒரு வாடிக்கையாளருக்கு நடப்பில் இருக்கும் முகவரி ஒன்றுதான் இருக்க முடியும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. டேட்டாவில் சிலருக்கு இரண்டு இருந்தன. [0] எந்தச் சத்தமும் இல்லாமல் பழையதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. லாகில் ஒரு வரி கூட இல்லை. அதைச் சரி செய்த கையோடுதான் ப்ரொபோசலை எழுத உட்கார்ந்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் அந்த மூத்தவரிடம் காட்டினேன். எனக்குத் தெரிந்து கோடை அவரளவுக்குப் பொறுமையாகப் படிப்பவர் யாரும் இல்லை.

"ஃபைன்ட் இருக்கே, போதாதா?" என்றார். ஃபைன்ட் முதல் பொருத்தம் கிடைத்ததும் நின்றுவிடும், இரண்டாவது இருக்கிறதா என்று தேடவே செய்யாது என்றேன். "இடப்பக்கம் சதுர அடைப்புக்குள்ள ஒரு வேரியபிள் வச்சு எடுக்கலாமே?" பைத்தானில் அப்படி எடுத்தால் எண்ணிக்கை பொருந்தாதபோது வேல்யூஎர்ரர் வரும், இங்கே மிச்சத்தைச் சொல்லாமலே விட்டுவிடும் என்றேன். "மூணு வரி. நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதிக்கலாம்." அதற்கும் பதில் வைத்திருந்தேன். ஒரு உறுப்பு அரேயில் இருக்கிறதா என்று சொல்லும் இன்க்ளூட்ஸ் 2016-இல் வந்தபோதும் இன்டெக்ஸ்ஆஃப் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இன்டெக்ஸ்ஆஃபால் அரேக்குள் இருக்கும் நான்-ஐ (அந்த 'எண் அல்லாத எண்'தான்) கண்டுபிடிக்கவே முடியாது, இன்க்ளூட்ஸ் கண்டுபிடிக்கும். கடைசி உறுப்பை எடுக்க லெங்த்தில் ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்தோம், 2022-இல் அட் வந்தது. வசதிக்காக வருவது என்பதாலேயே வேண்டாத ஒன்றாகிவிடாது என்றேன். தலையசைத்தார்.

பெயரைப் பற்றியும் பேசினோம். அரேக்குப் புதிதாக ஒரு பெயர் வைப்பது ஜாவாஸ்கிரிப்டில் லேசில்லை. இன்க்ளூட்ஸுக்கு முதலில் கன்டெயின்ஸ் என்றுதான் பெயர். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் வேறொன்றை வைத்திருந்ததால், அதைப் பயன்படுத்தும் பழைய தளங்கள் உடையாமலிருக்க மாற்ற வேண்டியதாயிற்று. அரேக்குள் அரேயாக இருப்பதை ஒரே அரேயாக விரிக்கும் ஃப்ளாட்டனுக்கும் அதே மூடூல்ஸால் அதே கதி. யாரோ 2018-இல் வேடிக்கையாக ஸ்மூஷ் என்று வைக்கலாமே என்று சொல்லப்போய் பெரிய ரகளையே ஆனது. கடைசியில் ஃப்ளாட் என்று 2019 பதிப்பில் வந்தது. உறுப்புகளைக் குழுவாகப் பிரிக்கும் குரூப்-பை (groupBy) அரேயிலேயே இடம் கிடைக்காமல் ஆப்ஜெக்டுக்குப் போய்விட்டது. பெயர் மோதினால் மாற்றிக்கொள்ளலாம், மொழியில் எது சேரும் என்று முடிவு செய்யும் கமிட்டியில் ப்ரொபோசலை முன்னெடுக்கும் சாம்பியனாக ஒருவர் கிடைத்தால்தான் முதல் படியே ஏற முடியும், பார்க்கலாம் என்று பேசி முடித்தோம். அப்புறம்தான் கேட்டார்.

"ரெண்டு இருந்தா என்ன பண்ணும்?"

"எர்ரர் எறியும்."

"காலியா இருந்தா?"

"அதுக்கும் எர்ரர்தான்."

"சரி. நம்ம கோட்ல [0] போட்ட இடம் எல்லாம் எடுத்துப் பாருங்க. எத்தனை இடத்துல ஒண்ணுதான் இருக்கும்னு உங்களால அடிச்சுச் சொல்ல முடியும்?"

பார்த்தேன். பாதிக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்று இருக்கும் என்ற நினைப்பில் எழுதியதா, எத்தனை இருந்தாலும் முதலாவது போதும் என்று எழுதியதா என்று கோடைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுதியவர்களையே கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் இன்னும் நிற்கிறேன். என் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. சிங்கிள் என்று ஒன்று மொழியிலேயே இருந்திருந்தால், எழுதும்போதே முதலாவதா, ஒரே ஒன்றா என்று யோசித்திருப்பார்கள். வாய்ப்பே இல்லாத இடத்தில் மனிதர்கள் யோசிப்பதில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதே விஷயம் எதிராகத் திரும்புகிறது. தெரியாமலே [0] போட்டவர்கள் தெரியாமலே சிங்கிளும் போடுவார்கள். அப்போது தவறான முகவரி போகாது, பக்கமே திறக்காது. எது மேல்? சத்தமாக உடைவதுதான் மேல் என்று உடனே சொல்லிவிடுவேன். நள்ளிரவில் போன் எடுத்துப் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை என்பதால் அப்படிச் சொல்கிறேனோ என்னவோ.

அனுப்பாமல் விட்டதற்கு அவர் காரணம் இல்லை. அனுப்பாதே என்று அவர் சொல்லவே இல்லை. "அனுப்புங்க, பதில் என்ன வருதுன்னு பாப்போம்" என்றுதான் சொன்னார். நான்தான் முதலில் நம் கோடில் ஒரு ஃபங்ஷனாக வைத்துப் பார்ப்போம், உதாரணங்கள் சேரட்டும் என்றேன். அது நியாயமான முடிவுதான். உபயோகம் என்ன என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் அல்லவா?

சேர்ந்தன. யூட்டில்ஸ் ஃபைலில் பதினோரு வரியில் இருந்த ஃபங்ஷனை நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஒருவர் அதில் இரண்டாவதாக ஒரு ஆர்க்யுமென்ட் சேர்த்து ரிவ்யூவுக்கு அனுப்பினார்: எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டால் எர்ரர் வேண்டாம், நல் (null, வெற்று மதிப்பு) கொடு. காலியாக இருந்தாலும் நல், இரண்டு இருந்தாலும் நல். கோட்லினின் சிங்கிள்ஆர்நல் சரியாக இப்படித்தான் செய்யும்; சி ஷார்ப்பின் சிங்கிள்ஆர்டீஃபால்ட் காலிக்கு மட்டும் விட்டுக்கொடுக்கும், இரண்டு இருந்தால் எர்ரர்தான். அந்த வித்தியாசத்தைப் பற்றி ப்ரொபோசலில் ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறேன். சி ஷார்ப் செய்வதுதான் சரி என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

ரிவ்யூவில் ஓகே கொடுத்ததும் நான்தான். ரிலீஸ் நெருங்கியிருந்தது, அதைச் சேர்த்தவர் கேட்ட இடத்தில் நல் வந்தால் எந்தக் கேடும் இல்லை, திரையில் ஒரு பெட்டி காலியாக இருக்கும், அவ்வளவுதான். இன்று கேட்டாலும் ஓகேதான் கொடுப்பேன். ஆனால் இப்போது அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடங்களைத் தேடிப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது ஆர்க்யுமென்ட் இருக்கிறது. எர்ரர் எறியும்படி விட்டுவைத்த இடங்கள் மிகக் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை நான் எழுதியவை.

ஒரு மொழியில் போய் உட்கார்ந்த மெத்தடில் இப்படி நினைத்தபோது ஆர்க்யுமென்ட் சேர்க்க முடியாது, அதனால்தான் அது மொழியில் இருக்க வேண்டும் என்று வாதாடலாம். ஒரே டீமுக்குள்ளேயே எல்லோரும் அதை மழுங்கடித்துத்தான் பயன்படுத்துகிறார்கள், உலகத்துக்கு எதற்கு என்றும் வாதாடலாம். முதல் வாதத்தை எழுதி ப்ரொபோசலில் சேர்த்துவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் எழுத வேண்டிய இடத்தில் இன்னும் தலைப்பு மட்டும்தான் இருக்கிறது.