இடது வாயோரம்

2024 மே 28, செவ்வாய்

நாளைக் காலை 7 மணிக்கு ஆபரேஷன் தியேட்டர். பிப்ரவரியில் அடிபட்டபோது தம்பியின் தலையிலிருந்து எடுத்த எலும்பு இத்தனை நாளும் அவன் வயிற்றுத் தோலுக்கடியில்தான் இருக்கிறது. உடம்பு துடைத்துவிடும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். நாளைக்கு அது தன் இடத்துக்குப் போய்விடும்.

மே 29

வைத்துவிட்டார்கள். அம்மா கட்டுப் போட்ட தலையைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள்.

மே 31, வெள்ளி

இரண்டு இட்லி சாப்பிட்டான். "யக்கா, தக்காளிச் சட்னி இல்லையா?" என்று கேட்டான். நான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சட்னி கேட்கிறான்.

ஜூன் 1, சனி

காலை 4.10. கட்டில் ஆடுகிற சத்தத்தில் விழித்தேன். முதலில் இடது வாயோரம் இழுத்தது, அப்புறம் இடது கை, அப்புறம் உடம்பு முழுக்க. அம்மா சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தாள். நான் பிடுங்கி எறிந்தேன். சிஸ்டர் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார். 4.13க்கு நின்றது. கண் திறக்கவில்லை. 4.20க்கு மறுபடியும். லொராசெபம் ஊசி போட்டும் நிற்கவில்லை. ஐசியு. குழாய், வென்டிலேட்டர், தூங்கவைக்க மிடசோலம் டிரிப். ஃபிட்ஸ் ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ மூளைக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். நான் நிமிடத்தைச் சொன்னேன். அதையாவது பார்த்து வைத்திருந்தேன்.

ஜூன் 2

எலும்பு இல்லாத நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட ஃபிட்ஸ் வரவில்லை. மூடினதும் வந்துவிட்டது. அவசரப்படுத்தினது நான்தான். எழுந்து நின்றாலே அவனுக்குத் தலை சுற்றியது, வலது பக்கம் நாளுக்கு நாள் குழிந்துகொண்டே போனது. எப்போது வைப்பீர்கள், எப்போது வைப்பீர்கள் என்று ஒவ்வொரு ரிவியூவிலும் கேட்டேன். அடிபட்ட மூளையில் தழும்பு இருக்கும், திறந்து தொடும்போது அது சீண்டப்படலாம், மூடியதும் உள்ளே ரத்த ஓட்டமும் அழுத்தமும் சட்டென்று மாறும், இது தெரிந்த சிக்கல்தான் என்று டாக்டர் இன்றைக்குச் சொல்கிறார். கையெழுத்துப் போட்ட தாளிலும் இருந்ததாம். 'வலிப்பு' என்று ஒரே ஒரு சொல். யாராவது வாயால் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேனோ? போட்டிருப்பேன். குழிந்த தலையோடு அவனைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 3

சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ரத்தத்தில் சோடியம் சரி.

ஜூன் 4, செவ்வாய்

வராண்டா டிவியில் வாக்கு எண்ணிக்கை. எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். மிடசோலத்தைக் குறைத்தார்கள். ஈஈஜி, மூளை அலைப் பதிவு, அமைதியாக இருக்கிறதாம். கண்ணாடி வழியாக அவன் வாயோரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6

குழாயை எடுத்தார்கள். "யக்கா." குரல் கரகரவென்று இருந்தது. போதும்.

ஜூன் 7

மறுபடியும் வந்தது. 40 வினாடி. தானாகவே நின்றது. ஆனால் இடது கை துணிபோலக் கிடக்கிறது. ஃபிட்ஸுக்குப் பிறகு இப்படி விழுவதுண்டு, பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள் திரும்பிவிடும் என்கிறார்கள். மாலை 5.20லிருந்து எண்ணுகிறேன்.

ஜூன் 8

மதியம் 1.30. என் சுண்டுவிரலைப் பிடித்தான். இடது கையால்!

ஜூன் 12, புதன்

வீடு. ஃபிட்ஸ் மாத்திரை லெவெடிரசெட்டம் 1000, காலை 8, இரவு 8. ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது. தானாக நிறுத்தவும் கூடாது.

ஜூன் 14

சாப்பாட்டுத் தட்டை வீசினான். அம்மாவை ஒரு நாளும் எதிர்த்துப் பேசாத பிள்ளை. போனில் கேட்டேன், அந்த மாத்திரை சிலருக்குக் கோபத்தைக் கொண்டுவருமாம். அம்மாவிடம் சொன்னேன். "மாத்திரையா பேசுது? அப்பச் சரி" என்று சோற்றைப் பொறுக்கினாள்.

ஜூன் 15

வயிற்றில் எலும்பு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே தூங்குகிறான். தலையணைக்குக் கீழே சாவிக்கொத்து. எடுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூன் 16

மாத்திரை 8.00. விளக்கை அணைக்கவில்லை. வாயோரம், 2.40 வரை ஒன்றுமில்லை.